ஒரே வீட்டுக்கு இரண்டு விலை

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்த அஞ்சலை ஹாலில் நிற்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், தாழ்ப்பாளைத் தானே நீக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். வீட்டுக்காரர் சந்தானம் சார் அப்போதுதான் ஹால் டைல்ஸை எங்கிருந்து வரவழைத்தார் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நாங்களும் பின்னாலேயே போனோம். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நல்ல அகலத்தில் செம்மண் தரை. ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல், ஓரத்தில் போர் மோட்டார். அஞ்சலை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள்.

"ரெண்டு மாடு தாராளமா நிக்கும். கன்னுக்குட்டிய மோட்டார் பக்கம் கட்டிக்கலாம்" என்றாள்.

அவள் கணவர் தெய்வசிகாமணிக்குக் கூச்சமாகிவிட்டது. "மொதல்ல உள்ள வந்து பாரு. நாம என்னா மாட்டுக்கா வூடு பாத்துக்கினு இருக்கோம்?"

"உள்ள என்னா இருக்கப் போவுது? நாலு செவுரு இருக்கும்."

சந்தானம் சாரின் மனைவி கமலாம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தத் தம்பதிக்கு நான் காட்டிய ஒன்பதாவது வீடு அது. முந்தைய எட்டு வீடுகளிலும் அஞ்சலை வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இது முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் கணிப்பு அநேகமாகத் தவறுவதில்லை. வாங்கப் போகிறவர்கள் வீட்டைப் புகழ மாட்டார்கள். எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

காபி வந்தது. தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "விலை என்னா சொல்றீங்க சார்?" என்று கேட்டார்.

சந்தானம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "அம்பத்திரெண்டு லட்சம்" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பத்து நாளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதே வீட்டுக்கு அவர் என்னிடம் சொல்லியிருந்த விலை நாற்பத்திரண்டு.

விலை தெரியாமல் வளர்ந்தவர்கள்

சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டின் விலை என்பது வெகுகாலம் தெரியாத சங்கதி. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது ஒரு குவார்ட்டர்ஸில். கல்யாணமாகிப் போனது இரண்டு பிளாக் தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு. வாடகை சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். குழாய் ஒழுகினால் பராமரிப்பு ஆபீசில் எழுதிப் போட்டால் ஆள் வந்துவிடும். யார் வைத்ததென்று தெரியாத பலாமரத்தில் நாங்கள் பழம் பறித்தோம். நாங்கள் வைத்த மாமரம் காய்க்கும்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட "சொந்த வீடா?" என்று கேட்க மாட்டார்கள். "எந்த பிளாக்?" என்றுதான் கேட்பார்கள். பிளாக் நம்பரைச் சொன்னால் போதும், அப்பாவின் கிரேடு, சம்பளம் எல்லாம் அவர்களுக்கே விளங்கிவிடும்.

இப்படியே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டு, என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்த கதையைப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அவர் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்தவர். எத்தனை டன் மண் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று மனக்கணக்காகச் சொல்வார். ஒரு மனைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்.

ஆகவே வீடு தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நகரியத்து ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கிற நகர்களையெல்லாம் சுற்றினேன். வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் ரோடு என்று நான்கு மாதம். அதற்குள் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் அத்துப்படியாகிவிட்டன. எந்தத் தெருவில் போர் எத்தனை அடி இறக்கினால் தண்ணீர் வரும், எந்த மனை மழையில் தேங்கும், எந்த வீட்டுக்காரர் சொன்ன சொல்லில் நிற்பார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

எங்கள் வீடு அமைந்த பிறகு, அடுத்து ரிட்டையர் ஆகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் சும்மா கூடப் போனேன். பிறகு கமிஷன் வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"புரோக்கர் பொண்டாட்டின்னு பேசுவாங்க மல்லிகா" என்றார்.

"புரோக்கர் நான். நீங்க புரோக்கர் புருஷன். சரியா சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்கூட்டிக்குக் காற்றடித்து வைப்பது மட்டும் அவர் வேலை என்றானது.

முந்திரித் தோப்பில் வெள்ளைக் கல்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நகரியத்து வேலிக்கு வெளியே முந்திரித் தோப்புதான். ஏப்ரல், மே மாதங்களில் முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை எங்கள் பிளாக்வரை வரும். அந்தத் தோப்புகள்தான் ஒவ்வொன்றாக மனையாகின. மரங்களை வெட்டி, செம்மண்ணைச் சமப்படுத்தி, வெள்ளையடித்த கல்லை வரிசையாக நட்டு, ஏதாவது ஒரு நகர் என்று பெயர்ப்பலகை வைத்துவிடுவார்கள். இரண்டு வருஷம் அந்தக் கல்லில் ஆடு படுத்திருக்கும். மூன்றாம் வருஷம் அஸ்திவாரம் விழும்.

என் அனுபவத்தில் எங்கள் ஊரில் வீட்டு விலையை ஏற்றுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, என்னைப் போல் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வருகிறவர்கள். கையில் ரிட்டையர்மென்ட் பணம் இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். ஆனாலும் இந்தக் காற்றை, இந்த மார்க்கெட்டை, வாக்கிங் போகிற மரத்தடி ரோட்டை விட மனசு வராது. வேலிக்கு வெளியே முதல் தெருவில் வீடு வேண்டும் என்பார்கள்.

இன்னொன்று, சுரங்க விரிவாக்கத்துக்கு நிலமும் வீடும் கொடுத்துவிட்டு வருகிற கிராமத்துக் குடும்பங்கள். கம்மாபுரம் பக்கமிருந்து, வளையமாதேவிப் பக்கமிருந்து வருவார்கள். இவர்களுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு கூரை வேண்டும்.

முதல் வகை பேரம் பேசும், ஆறு மாதம் யோசிக்கும், வாஸ்துக்காரரைக் கூட்டி வரும். இரண்டாவது வகைக்கு யோசிக்க நேரமில்லை. விற்கிறவர்களுக்கு இது தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நகரியத்துக்கு உள்ளே போனால் பூட்டிக் கிடக்கிற குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக இருக்கிறது. பெர்மனென்ட் ஆட்கள் குறைந்து கான்ட்ராக்ட் ஆட்கள் பெருகிவிட்டார்கள். சில தெருக்களில் வாசலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. உள்ளே ஆளில்லாத வீடு, வெளியே விலை ஏறுகிற வீடு, நடுவே ஒரு வேலி. நான் தினமும் இரண்டு பக்கமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன்.

நான் வாய் திறக்காத ஒரு நாள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் விட்டால் சந்தானம் சார் வீட்டில் நான் ஏன் டம்ளரைக் கீழே வைத்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நிலம் கொடுத்துவிட்டு வந்த ஒருவருக்கு ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் விலையை ஏழு லட்சம் கூட்டிச் சொன்னார். எனக்குத் தெரியும். என் கமிஷனும் கூடும் என்பதும் தெரியும். "அவங்களுக்கு என்ன, சும்மா வந்த பணம்தானே" என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மனிதரை மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் மளிகைப் பை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, பக்கத்து வூடு எங்களுதவிட கொறச்சலா போச்சாமே. அதுல ஏதாவது கோளாறுங்களா?"

அந்த வீட்டில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஏமாற்றியிருப்பேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. "விசாரிச்சுச் சொல்றேங்க" என்றேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்தக் கமிஷனில் நான் ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருந்தேன். அன்று சாயங்காலம் அது ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்கமுடியவில்லை. எழுந்து போய் நிறுத்தினேன்.

"போன வாரம் போன வாரம்"

சரி, காபி டம்ளருக்கு வருகிறேன்.

தெய்வசிகாமணியும் அஞ்சலையும் மொட்டை மாடியைப் பார்க்கப் போனார்கள். கமலாம்மா அவர்களுக்கு வழி காட்டப் போனார். ஹாலில் நானும் சந்தானம் சாரும் மட்டும்.

"சார், நாப்பத்திரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"போன வாரம் போன வாரம். இப்ப விலை அதுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மல்லிகா, உனக்கு நான் தனியா பாத்துக்கறேன். அவங்களுக்குப் பணம் வந்திருக்கு. குடுப்பாங்க. இந்தத் தெருவுலயே எல்லாரும் அப்படித்தான் வித்திருக்காங்க."

சந்தானம் சார் கெட்ட மனிதர் இல்லை. சேலம் பக்கத்துக்காரர், மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பார். அவருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். இங்கே தனி வீட்டை நாற்பத்திரண்டுக்கு விற்றால் அங்கே மூன்று பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் பத்து லட்சம் குறைந்தது. அந்தப் பத்தைத்தான் அவர் அஞ்சலை தலையில் வைத்தார்.

"சார், நான் அவங்ககிட்ட பழைய விலையச் சொல்லிருவேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நீ யாருக்கு புரோக்கர்? எனக்கா, அவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் சார். ரெண்டு பேர்கிட்டயும்தான் கமிஷன் வாங்குறேன்."

"அப்ப என் வீட்டை நீ விக்க வேணாம்" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கேட்டுக்கு வெளியே

கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில், மாடியிலிருந்து இறங்கி வந்த அந்த இருவரையும் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். பத்து நாள் முன்னால் இதே வீட்டின் விலை என்ன, இப்போது ஏன் கூடியது, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது எனக்கே ஒரு தெம்பு வந்தது. இந்தத் தம்பதி கோபப்படுவார்கள், நான் வேறு வீடு பார்த்துக் கொடுப்பேன் என்று நினைத்தேன்.

தெய்வசிகாமணி கோபப்படவில்லை. அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலையும் பார்த்து, நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"குடுத்துடலாங்க" என்றார். "நாலு மாசமா அலஞ்சிக்கினு இருக்கோம். போற எடமெல்லாம் இதே கததான். வூட்டக் காலி பண்ண இன்னும் அம்பது நாளுகூட இல்ல. இவளுக்கும் இந்த வூடு புடிச்சிருக்கு. கேக்குறத குடுத்துட்டு நிம்மதியா வந்துடலாம்."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த சார் வேற என்னா சொன்னாருக்கா?"

தயங்கினேன். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, குடுப்பீங்கன்னாரு."

"வந்திருக்குன்னா? ரோட்டுலயா கெடந்துச்சு?" அவள் குரல் உயரவில்லை. "நான் கல்யாணம் கட்டிக்கினு வந்தப்ப எங்களுக்கு நெலமே கெடயாது. ரெண்டு பேரும் பிறத்தியார் நெலத்துல வேல செஞ்சோம். கரும்பு வெட்டப் போனேன், இவரு கான்ட்ராக்ட்டுக்குப் போனாரு. பதினாறு வருசம் சேத்துவச்சி ஒரு ஏக்கரா வாங்குனோம். வூடு கட்டும்போது கொத்தனாருக்குச் சித்தாளு நான்தான். ஏழு மாசம் முழுகாம இருந்தேன், அப்பவும் கலவை தூக்குனேன். அதுக்கு வந்த பணம் இது. பத்து லட்சத்த தூக்கி ஒருத்தருக்கு ஏன் குடுக்கணும்? எதுக்குன்னு சொல்லு, குடுக்குறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வேற வூடு காட்டுக்கா" என்றாள். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது இரண்டு முறை அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அவர்களுக்கு மேலும் மூன்று வீடுகள் காட்டினேன். ஒன்றில் பின்பக்கம் இல்லை. ஒன்றில் பட்டா சரியில்லை. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, விலை மட்டும் அஞ்சலையைப் பார்த்ததும் எட்டு லட்சம் ஏறியது. நான் என் தொழிலை வெறுத்தது அந்த ஒரு வாரம்தான்.

கமலாம்மாவின் போன்

எட்டாம் நாள் மத்தியானம், சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது கமலாம்மா கூப்பிட்டார்.

"மல்லிகா, அன்னிக்கு வந்த பொண்ணு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அதுக்குப் பக்கத்து ஊருதான் எங்க பெரியம்மாவக் கட்டிக் குடுத்த ஊரு" என்றார். "எங்க ஊரு அங்கேர்ந்து கிட்டத்துலதான் இருந்துச்சு. இப்ப போனா இருக்காது."

இருபது வருஷப் பழக்கம். அவரும் கணவரோடு வெளியூரிலிருந்து வந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் அப்படியில்லை. சுரங்கத்தின் முந்தைய கட்டத்தில் போன ஓர் ஊரில் பிறந்தவர். அவர் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது குடும்பம் ஊரைக் காலி செய்தது. வீடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் மூடி இப்போது மண்மேடு.

"எங்கப்பா வூடு தேடி அலஞ்சாரு மல்லிகா." அதுவரை வீடு, வீடு என்று பேசிக்கொண்டிருந்தவர் வாயில் வூடு என்று வந்தது. "காலையில போனா சாயங்காலம் வருவாரு. வந்து ஒண்ணும் பேசமாட்டாரு, செருப்ப கழட்டிட்டு அப்படியே உக்காந்துடுவாரு. பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே சேதி ஊரு பூரா போயிடுச்சு. போற எடத்துல எல்லாம் ஏத்திச் சொல்லிக்கினு இருந்தாங்க. கடைசில யாருக்கும் வேணாத ஒரு எடத்துலதான் கட்டுனோம். மழ வந்தா முழங்கால் தண்ணி. இவருக்கு இதெல்லாம் தெரியும். ஆனா மறந்துட்டாரு."

"சார்கிட்ட பேசிப் பாத்தீங்களா?"

"எட்டு நாளா பேசிக்கிட்டிருக்கேன். கோயம்புத்தூர் ஃபிளாட்டுக்குப் பத்து லட்சம் நீ தர்றியான்னு கேக்குறாரு." பிறகு வெகு நிதானமாகச் சொன்னார்: "வீடு என் பேர்ல இருக்கு மல்லிகா. மனை வாங்கும்போதே என் பேர்லதான் வாங்குனாரு. நான் போட்டாதான் கையெழுத்து. அந்தப் பொண்ண வரச் சொல்லு. நாப்பத்திரெண்டு."

ஹாலில் ஐந்து பேர்

இந்த இடத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்படி நடக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சலையையும் தெய்வசிகாமணியையும் கூட்டிப் போனேன். சந்தானம் சார் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பரை இறக்காமலே, "நாப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ என்னால முடியாது" என்றார்.

கமலாம்மா, "நாப்பத்திரெண்டு" என்றார்.

"அவ சொல்றது அவ விலை. நான் சொல்றது என் விலை."

"என் வீடு" என்றார் கமலாம்மா. அந்தக் குரலில் சண்டை இல்லை. காய்கறிக்காரரிடம் பேசுகிற குரல்தான். "மூணு பெட்ரூம் யாருக்கு? நமக்கு ஒண்ணு போதும். மக வந்தா இன்னொண்ணு. ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் அதே காம்ப்ளெக்ஸ்ல இருக்குன்னு அவளே சொன்னா. நீங்கதான் காதுல வாங்கல."

பேப்பர் இறங்கியது. சந்தானம் சார் யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நாற்பது வருஷம் சம்பாதித்து ஒரு மனிதர் தன் வீட்டின் விலையைச் சொல்லுகிறார், அது எடுபடவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது.

அதைக் கவனித்தது அஞ்சலைதான்.

"சார்" என்றாள். "மாடித் தண்ணி டேங்கு புதுசு. மாடிக்கு இரும்புக் கேட்டு போட்டிருக்கீங்க. பின்பக்கம் மோட்டாரு போன வருசந்தான் மாத்துனதுன்னு அம்மா சொன்னாங்க. அதுக்கெல்லாம் சேத்து ஒரு லட்சம் கூட குடுக்குறோம். நாப்பத்திமூணு. அது நாயம். அதுக்கு மேல கேட்டீங்கன்னா எதுக்குன்னு சொல்லுங்க."

அவர் அவளை அப்போதுதான் முதல் முறையாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மோட்டார் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

"அப்ப மோட்டாருக்குக் கொறச்சிக்கலாமா?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டார். சந்தானம் சார் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நாப்பத்திமூணுக்கே எழுதிக்கலாம்" என்றார். எழுந்து உள்ளே போய், வீட்டின் பிளான் காகிதத்தைச் சுருட்டியபடி கொண்டுவந்தார். எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, எங்கே ஆணி அடிக்கக்கூடாது என்று தெய்வசிகாமணிக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். தன் ஒன்பது லட்சம் போன வருத்தத்தை அந்த மனிதர் அப்படித்தான் தீர்த்துக்கொண்டார்.

சாவி

பத்திரப்பதிவு ஆபீசில் அன்று நல்ல கூட்டம். காலை பத்து மணிக்குப் போனவர்களை மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். கமலாம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டு விரல் ரேகை வைத்தார். முட்டி வலியோடு படி இறங்கினார். அஞ்சலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே புங்க மரத்தடியில் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது அஞ்சலை கேட்டாள். "இந்த வூட்ட வுட்டுட்டுப் போறது உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களாம்மா?"

கமலாம்மா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். "இருக்கு. ஆனா மொத தடவ எங்கள போகச் சொன்னாங்க, போனோம். இந்தத் தடவ எனக்குப் புடிச்ச ஆளுக்கு, நான் சொன்ன விலைக்குக் குடுத்துட்டு, நானே போறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார்.

அஞ்சலை அழுதாள். அவ்வளவு நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். தெய்வசிகாமணி எங்கேயோ பார்த்துக்கொண்டு டீ வாங்கப் போனார். சந்தானம் சாரும் அவர் பின்னாலேயே போனார். இருவரும் ஐந்து டீயோடு திரும்பி வருவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டுவிட்டாள்.

இருபது நாளில் அவர்கள் குடி வந்தார்கள். பழைய வீட்டின் கதவுகளையும் ஜன்னல்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து பின்பக்கம் மாட்டுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். ஊரில் மிச்சமிருந்த சாமான்களுக்காக தெய்வசிகாமணி மூன்று முறை போய் வந்தார். அஞ்சலை ஒரு முறையும் போகவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை.

தெருவின் விலை

ஒரு மாதம் போயிருக்கும். அதே தெருவில் நாலாவது வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். அதற்கு முன் பேசியதில்லை. எடுத்த எடுப்பிலேயே கோபம்.

"ஏம்மா, சந்தானம் வீட்டை நாப்பத்திமூணுக்கு முடிச்சியாமே. அந்த மாதிரி ஆளுங்க அம்பதுக்குக் குறையாம குடுத்துக்கிட்டிருந்தாங்க. எங்க தெரு விலையையே இறக்கிட்டியே."

"நான் இறக்கல சார். அந்த வீட்டோட விலை அதுதான். ஏத்தாம வித்தேன், அவ்வளவுதான்."

"இப்படிச் செஞ்சா உனக்கு இனிமே யாரு வீடு குடுப்பாங்க?"

"வாங்குறவங்க எங்கிட்டதான் வர்றாங்க சார். போன வாரம் மட்டும் கிராமத்துலேர்ந்து ஆறு குடும்பம். அஞ்சலை சொல்லி வந்தோம்னாங்க. எனக்கு வீடுதான் பத்தல."

அது உண்மை. அந்த மாதம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டிக்கு இரண்டு டயரும் புதிதாக மாற்றவேண்டி வந்தது.

போனில் அந்த மனிதரின் வீட்டு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. அவரும் விற்கத்தான் போகிறாராம். மகன் சென்னைக்குக் கூப்பிடுகிறானாம்.

"நல்லது சார். விலை சொல்லுங்க" என்றேன்.

"வாங்குறவங்க யாரு?"

"மொதல்ல விலையச் சொல்லுங்க சார்" என்றேன். "ஆள அப்புறம் சொல்றேன்."